கோக் இல்லாமல் ஒரு குளிர்காலம்: ஐரிஷ் விஸ்கி நோட்டு

நவம்பர், முதல் வாரம். டப்ளினுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் ஐரிஷ் விஸ்கி என்றால் எனக்கு ஜேம்சன்தான், அதுவும் கோக்கில் முங்கிய ஜேம்சன். இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு விதி: ராவாகக் குடிப்பது, வெள்ளி சனியில் ஒரே ஒரு ஊற்று, குடித்ததை நோட்டில் எழுதுவது.

மலிவுச் சரக்கிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தால் அதற்கு வழியில்லை. 2022 ஜனவரி முதல் இங்கே ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட் என்று குறைந்தபட்ச விலை இருக்கிறது. 40 சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டில் 22 யூரோவுக்குக் கீழே வராது. பேர் தெரியாத பாட்டிலுக்கும் ஜேம்சனுக்கும் நடுவில் சில யூரோதான் இடைவெளி. அதனால் ஜேம்சனையே வாங்கினேன், 30 யூரோ சொச்சம். கோக் இல்லாமல் குடித்தபோதுதான் அதில் வெனிலா வாசனை இருப்பதே தெரிந்தது. நாக்கில் வைத்ததும் இனிப்பு, விழுங்கியதும் ஆள் காணாமல் போய்விடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, மூன்று முறை வடிப்பதும், சோளம் மாதிரி தானியத்தில் காய்ச்சும் லேசான கிரெயின் விஸ்கி கலப்பதும் இந்த லேசுக்காகத்தான்.

மூன்றாம் வாரம். அடுத்த பாட்டில் ரெட்பிரெஸ்ட் 12, அதாவது 12 வருடம் பீப்பாயில் கிடந்தது, ஏறக்குறைய 70 யூரோ. ஆசை தாங்காமல் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஊற்றிவிட்டேன். ஒன்றுமே தெரியவில்லை! பட்டை, கிராம்பு எல்லாம் பிரியாணியுடையதா, பாட்டிலுடையதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 70 யூரோ போச்சே என்று தூங்கப் போனேன்.

மறுநாள் மாலை, வெறும் வயிற்றுக்கு ரொட்டியும் வெண்ணெயும் போட்டுவிட்டு மறுபடி. ஐஸ் கிடையாது, வாய் குறுகிய கிளாஸ். பத்து நிமிடம் சும்மா விட்டேன். பேரீச்சை, உலர்திராட்சை, கிறிஸ்துமஸ் கேக்: ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கிடந்ததன் வாசனை அது. ஆனால் என்னைப் பிடித்தது வாசனையைவிட அதன் கனம். நல்லெண்ணெய் மாதிரி நாக்கை மூடிக்கொண்டு இறங்குகிறது. ஸ்பூனால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் காரம் அடங்கி ஆரஞ்சுத் தோல் வாசனை மேலே வந்தது. அடுத்த முறை ஒரு ஸ்பூன் முழுக்க ஊற்றிக் கெடுத்ததும் நான்தான்.

அந்த எண்ணெய்ப் பதத்துக்குக் காரணம் முளைகட்டாத பார்லி. 1785இல் முளைகட்டிய பார்லிக்கு, அதாவது மால்ட்டுக்கு, வரி போட்டார்கள். வரியை மிச்சம் பிடிக்க, முளைகட்டாததையும் கலந்து செம்புக் கொப்பரையில் காய்ச்சினார்கள். அதுதான் சிங்கிள் பாட் ஸ்டில். வரி ஏய்ப்பு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யார் கண்டது!

டிசம்பர். கிரீன் ஸ்பாட். இதுவும் பாட் ஸ்டில்தான், விலை ரெட்பிரெஸ்டைவிடச் சற்றுக் குறைவு. இதை விற்ற டப்ளின் ஒயின் வியாபாரிகளான மிட்செல் குடும்பத்தார் பீப்பாய்களில் வயசுக்கு ஒரு நிறமாகப் பெயிண்ட் பொட்டு வைப்பார்களாம். அந்தப் பச்சைப் பொட்டுதான் பெயர். பச்சை ஆப்பிள், தேன், கடைசியில் லேசாகப் புதினா.

ஜனவரி, பரீட்சை. மூன்றையும் ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றி அடியில் எண் ஒட்டச் சொன்னேன் மனைவியிடம். ஜேம்சனை முதல் மோப்பத்திலேயே பிடித்துவிட்டேன். கிரீன் ஸ்பாட்டையும் ரெட்பிரெஸ்டையும் மாற்றிச் சொன்னேன். குடிக்கவே குடிக்காத அவள் மூன்றையும் முகர்ந்துவிட்டு, “ஏங்க, கேக் வாசனை ரெண்டாவதுலதானே வருது?” என்றாள். சரியாகச் சொன்னாள். இரண்டு மாத நோட்டு மேசையில் திறந்தே கிடந்தது.

அதே மாதம் ஒரு பப்பில் யெல்லோ ஸ்பாட். 12 வருடம், மலாகா ஒயின் பீப்பாயும் சேர்ந்தது. இங்கே பப் அளவு 35.5 மில்லி, நம்ம ஊர் ஸ்மாலைவிடக் கொஞ்சம் கூட. பாட்டிலுக்குக் காசு போடுமுன் இப்படி ஒரு அளவு வாங்கிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம், எனக்கு லேட்டாக உதித்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜேம்சனிலிருந்து ரெட்பிரெஸ்டுக்குத் தாவியபோது வந்த அந்தத் திடுக்கிடல் இல்லை. 70 யூரோவுக்கு மேலே போனால் என் நாக்குக்கு வித்தியாசம் சன்னமாகிவிடுகிறது.

பிப்ரவரி, இன்றைய இருப்பு: ரெட்பிரெஸ்ட் மூன்று விரல்கடை, கிரீன் ஸ்பாட் பாதி. ஜேம்சன் இப்போது ஞாயிற்றுக்கிழமை காபிக்கு. அடுத்து புஷ்மில்ஸ் 10, முழுக்க முளைகட்டிய பார்லி. முதலில் பப்பில் ஒரு அளவு.