ஒரே சட்டை, இரண்டு பிறப்பிடம்

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் எல்லோரும் வரி அட்டவணையைப் புரட்டுகிறார்கள். சிறிய நாட்டின் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் பிறப்பிட விதி, அதாவது ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கணக்கு என்று சொல்லும் விதி.

வியட்நாமில் தைத்த சட்டை ஜப்பானுக்குப் போகிறது, துணி சீனத் துணி என்று வையுங்கள். வியட்நாமும் ஜப்பானும் ஆர்செப் (RCEP, சீனாவும் இருக்கும் ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தம்), சிபிடிபிபி (CPTPP, பசிபிக் சார்ந்த இன்னொரு வர்த்தக ஒப்பந்தம்) இரண்டிலும் உறுப்பினர்கள். ஆர்செப் விதிப்படி வெட்டித் தைத்தது வியட்நாம் என்றால் போதும், சலுகை உண்டு. சிபிடிபிபி அப்படி விடாது. பொதுவிதி, நூலிலிருந்தே உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பது. சீனா அதில் உறுப்பினர் இல்லை. ஆகவே முழு வரி.

இந்த நூல் விதியை, சிபிடிபிபிக்கு முன்னோடியான பழைய டிபிபி (TPP) ஒப்பந்தத்தில் வற்புறுத்தியது அமெரிக்கா. 2017 ஜனவரியில் அது விலகிக்கொண்டது. மீதி 11 நாடுகளும் 22 பிரிவுகளை நிறுத்தி வைத்து 2018 மார்ச்சில் கையெழுத்திட்டன; நூல் விதியில் கை வைக்கவில்லை. எந்தச் சந்தைக்காக வியட்நாம் அதற்குத் தலையாட்டியதோ அந்தச் சந்தை போய்விட்டது, நிபந்தனை மட்டும் தங்கிவிட்டது. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆர்செப்பில் பல பொருட்களுக்கு 40 சதவீத மதிப்பு விதியும் உண்டு: விலையில் குறைந்தது அவ்வளவு உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். ஒரு பொருளின் எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 100 டாலர் என்று வையுங்கள். உள்நாட்டு மதிப்பு 35, சீன மோட்டார் 30, உறுப்பினர் அல்லாத நாட்டு உதிரிபாகம் 35. தனியாகப் பார்த்தால் 35 சதவீதம், தேறாது. உறுப்பு நாட்டுப் பொருளைக் கூட்டிக் கணக்கிடலாம் என்பதால் 65, தேறிவிடும். ஆனால் அந்த மோட்டாருக்கும் ஆர்செப் பிறப்பிடம் இருப்பதைக் காட்டும் ஆவணம் கையில் இருக்க வேண்டும். சிறிய ஏற்றுமதியாளர்கள் சறுக்குவது இங்கேதான்: சப்ளையர் இன்வாய்ஸ் மட்டும் அனுப்பியிருப்பார், அந்த 30 டாலர் கணக்கில் சேராது. வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் ஒட்டுவது, பெட்டி மாற்றுவது போன்ற வேலைகளால் பிறப்பிடம் மாறாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சேர்க்கும் வாசல்போல விலக்கும் வாசலும் எழுதப்படுகிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த அமெரிக்க, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தின் 32.10 பிரிவைப் படியுங்கள். சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாட்டோடு தடையற்ற வர்த்தகப் பேச்சு தொடங்க 3 மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். கையெழுத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு முழு வாசகத்தையும் காட்ட வேண்டும். ஒப்பந்தம் செய்தால் மற்ற இருவரும் 6 மாத அறிவிப்பில் அவரை விட்டுவிட்டுத் தமக்குள் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். குறி சீனா என்றாலும் அந்தப் பெயர் எங்கும் இல்லை. மூவருக்கும் ஒரே விதிதான், ஆனால் ஏற்றுமதியில் பெரும்பகுதியை அமெரிக்காவுக்கு அனுப்பும் மெக்சிகோவுக்கு அது வேறு எடை.

2025 ஜூலையில் அமெரிக்கா வியட்நாமுக்கு அறிவித்ததும் இதே வகை: பொருளுக்கு 20 சதவீத வரி, பிற நாட்டுச் சரக்கை வியட்நாம் வழியாகத் திருப்பி அனுப்பினால் 40. எவ்வளவு சீன உள்ளடக்கம் இருந்தால் அது ‘திருப்பி அனுப்பியது’ ஆகும் என்ற அளவுகோல் அந்த அறிவிப்பில் இல்லை. அந்த நிலையில் தொழிற்சாலைக்காரர் எதை நம்பி அடுத்த துணி ஆர்டரைப் போடுவது?