நாற்பது வளைவுகளுக்கு மேலே ஒரு கல்யாணம்

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். வேறு தொழிலுக்குப் போயிருந்தால் இத்தனை ஊர் பார்த்திருப்பேனா என்று தெரியாது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு, செட்டிநாட்டு வளவு, கோத்தகிரியில் மழைக்கு நடுவே போட்ட பந்தல் என்று எல்லா இடத்துக்கும் யாரோ ஒருவர் வீட்டு விசேஷம்தான் என்னைக் கூட்டிப் போயிருக்கிறது. விசேஷம் முடிந்ததும் ஒரு நாள் கூடத் தங்கி, காலாற நடந்து, அந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். வீட்டில் முதலில் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறார்கள்.

இந்தத் தையில் வால்பாறை. எனக்கு எத்தனை முறை போனாலும் அலுக்காத மலை. பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் ஆழியாறு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பெண் வீட்டுக்காரர்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. முதல் நாள் மதியமே கிளம்பினோம். நானும், வீடியோ எடுக்கும் நண்பரும், லைட் பிடிக்கும் தம்பியும். மலையில் இருட்டும் முன் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கணக்கு.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம். அங்கே நிற்காமல் யாரும் போவதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சாலையைப் போட்ட பொறியாளர் லோம் என்பவரின் பெயரால் அந்த இடத்தை லோம்ஸ் வியூ என்கிறார்கள். கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். பக்கத்துப் பாறையில் வரையாடுகள் மேயும். சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான். நம் மாநில விலங்கும் இதுதான். 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 ஆடுகள்தான் தேறின. ஒரு பெரிய கல்யாணத்தில் பந்தியில் உட்காரும் ஆட்கள் அதைவிட அதிகம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அங்கே எங்களுக்கு முன்பே வேறொரு குழு வந்திருந்தது. புது ஜோடியை வைத்து அவுட்டோர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்குப் பின்னால் வரையாடு தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். ஒரு தாய் ஆடு குட்டியோடு கிட்டே வந்தது. அந்த நேரம் பார்த்து இன்னொருவர் கலர் புகைக் குச்சியைப் பற்ற வைத்தார். ஊதாப் புகை சீறியதும் ஆடு மிரண்டு சரிவில் பாய, குட்டி எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சாலைக்குள் வந்துவிட்டது. மேலே இருந்து இறங்கிக்கொண்டிருந்த பேருந்தின் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தது. நான் போய்ச் சொன்னேன். சண்டை போடவில்லை, ஆனால் குரல் உயர்ந்துவிட்டது. நம் தொழில்காரர்களே இதைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காட்டுக்குள் வந்து படம் எடுக்கிறவன் அந்தக் காட்டின் விருந்தாளி. புகைக் குச்சி, டிரோன், தீனி மூன்றையும் ஆழியாறுக்குக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். இதைப் படிக்கும் புதிய போட்டோக்காரத் தம்பிகளுக்குக் கெஞ்சியே சொல்கிறேன்.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தேயிலைச் சரிவின் மடியில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். லைன் வீடு என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முன் அறை, ஒரு உள் அறை, பின்னால் விறகடுப்பு. வாசலில் வாழை கட்டி, சீரியல் லைட் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் கீழே இருந்து வேன்களில் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் முகம் வெளுத்து, கையில் எலுமிச்சம்பழம்.

அன்றிரவு நலங்கு. மலையில் முதன்முதலாகக் கல்யாணம் எடுத்தபோது இந்த நலங்கில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. குளிரில் வெளியே நின்று எடுத்துக்கொண்டிருந்த கேமராவை அப்படியே, ஐம்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த அறைக்குள் கொண்டுபோனேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. உள்ளே இருக்கும் சூடான ஈரக் காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் தண்ணீராகத்தான் மாறும். பெண்ணின் பாட்டி சந்தனம் பூசிய காட்சி அன்று எனக்கு வெறும் வெள்ளைப் புகையாகத்தான் கிடைத்தது. அந்தப் பாட்டி அடுத்த வருடம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. இப்போதெல்லாம் ஒரு கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, அரை மணி நேரம் முன்னாலேயே அறைக்குள் வைத்துவிடுவேன். பைக்குள் இருந்தபடியே அது மெல்லச் சூடேறிக்கொள்ளும். வெளியே எடுப்பதற்கு இன்னொரு கேமரா.

நலங்கு பாதி நடக்கும்போது நாலைந்து பேருடைய போன்கள் ஒரே சமயத்தில் ஒலித்தன. யானை நிற்கும் இடத்தைச் சொல்லும் எஸ்.எம்.எஸ். வால்பாறைச் சுற்றுவட்டாரத்தில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் காடு மிச்சம். ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக யானைகள் எஸ்டேட் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். எதிர்பாராமல் எதிரே போய்விடுகிறவர்கள்தான் பெரும்பாலும் உயிரை விடுகிறார்கள். அதனால் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து 2011 முதல் இப்படித் தகவல் அனுப்புகிறார்கள். மேட்டில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். போன் மூலமாகவே அதை எரியவிடலாம். சிவப்பு தெரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பூ வாங்க டவுனுக்குக் கிளம்பிய இரண்டு பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். யாரும் பதறவில்லை. "அது போகட்டும், அப்புறம் போய்க்கலாம்" என்றார் ஒரு பெரியவர். பாட்டு தொடர்ந்தது. தூரத்து மேட்டில் எரிந்த அந்தச் சிவப்புப் புள்ளியையும், முன்னால் சந்தனம் பூசிய பெண்ணின் முகத்தையும் ஒரே படத்தில் எடுக்க வாசல் வழியாக முயன்றேன். பத்தில் ஒன்று கிடைத்தது.

மறுநாள் முகூர்த்தம் டவுன் மண்டபத்தில், 6 மணிக்கு மேல் ஏழரைக்குள். நாங்கள் நாலரைக்கே போய்விட்டோம். மேடையில் ஊதா நிற எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகள். அவற்றை அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியாது. மிச்ச விளக்குகளுக்கு ஷட்டரை நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். அதோடு ஒத்துப்போகாத வேகம் வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அடுத்து இரண்டு கார்டுகள். எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிய வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார்டு செத்துப்போய் ஒரு வரவேற்பு முழுவதையும் இழந்தவன் நான். அந்த வீட்டாரின் முன் நின்ற நாளை மறக்க மாட்டேன்.

கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை எனக்குக் கிடைப்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் அட்சதை பறக்கும், நாலு பக்கமும் செல்போன்கள் நீளும், நாத்தனார் குனிவார், பெண்ணின் கண் கலங்கும், அவளுடைய அப்பா வேறு எங்காவது பார்ப்பார். தாலியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு என் நண்பர் இருக்கிறார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு அந்த அப்பா எங்கும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எங்களோடு பத்து வார்த்தை பேசியிருப்பாரா, தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் ஜோடியை அவுட்டோருக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். ஆற்றோரம் ஒன்று, காட்சி முனை ஒன்று என்று இரண்டு இடம் குறித்து வைத்திருந்தேன். அப்போது பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அங்கெல்லாம் எல்லாரும் எடுக்கறாங்க. எங்க வீட்டுல வச்சு எடுக்கறீங்களா?"

"எடுக்கலாம்மா. நேத்து நலங்கு அங்கதானே எடுத்தோம்?"

"அது ஆளுங்கள எடுத்தீங்க. வீட்ட எடுக்கணும்."

அப்புறம்தான் சொன்னார். இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு 58 வயது முடிகிறது. கணவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். எஸ்டேட் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்து பணிக்கொடை கைக்கு வந்ததும் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த மாமியார் முதலில் குடியேறிய வீடு அது. மூன்று தலைமுறையாக அங்கே அடுப்பு எரிகிறது, ஆனால் ஒரு செங்கல்கூட அவர்களுடையது இல்லை. பிள்ளைகள் யாரும் கொழுந்து பறிக்க வரவில்லை. வால்பாறையே அப்படித்தான் காலியாகிறது. 2001 கணக்கெடுப்பில் 90,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2011-ல் 70,000 சொச்சமாக இறங்கியிருந்தது. திருப்பூர், கோவை என்று இளசுகள் இறங்கிவிட்டார்கள். அவர் மகளும் அடுத்த நாள் இறங்கப் போகிறாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குறித்து வைத்த இடங்களை மறந்துவிட்டு வண்டியை லைன் வீட்டுக்குத் திருப்பினேன்.

மூன்று மணி நேரம் அங்கேயே எடுத்தோம். பட்டுப்புடவையோடு பெண் பொதுக்குழாய் அருகில் நின்றாள். பள்ளிக்கூடம் போகும்போது தண்ணீர் பிடிக்க முறைக்காகக் காத்து நின்ற இடமாம். பின்பக்கம் சௌசௌ பந்தல், அதன் கீழே கோழிக்கூடு. அடுக்களைச் சுவர் புகை ஏறிக் கரியாக மின்னியது. அதைத் துடைக்கப்போன அம்மாவைத் தடுத்து, அந்தச் சுவரோரமாகவே உட்கார வைத்தேன். சன்னலிலிருந்து வந்த ஒற்றை வெளிச்சம் போதுமாக இருந்தது. கொழுந்துப் பையும் கத்தரியும் ஆணியில் மாட்டியபடியே இருந்தன. முன்பு கையால் கிள்ளிய கொழுந்தை இப்போது கத்தரி வைத்து வெட்டுகிறார்கள். தோள்பட்டை வலி அதோடு வந்தது என்று சொல்லிக்கொண்டே அவர் அதை எடுத்துக் காட்டினார். அதையும் எடுத்தேன். நாலரை மணிக்கு சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே மஞ்சள் வெயில் விழுந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் தாமாகவே வாசலுக்கு வந்து நின்றார்கள். சரிவில் கொஞ்சம் ஏறிப்போய், முழு லைனும் பின்னால் தேயிலையும் தெரிய ஒரு படம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அவுட்டோர் நான் எடுத்ததில்லை.

நண்பர்கள் இருவரும் அன்று மாலையே இறங்கிவிட்டார்கள். நான் வழக்கம்போலத் தங்கினேன். விடிகாலையில் புதுத்தோட்டம் பக்கம் சாலையோரமாக நடந்தேன். சிங்கவால் குரங்குகள் ஒரு கூட்டமாகப் பலாமரத்தில் இருந்தன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு இது. மரத்திலேயே வாழ வேண்டியது, இங்கே காடு அறுந்துபோனதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறது. வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய், வயிற்றில் குட்டியோடு, என் தலைக்கு மேலே அந்தப் பாலத்தில் நிதானமாக நடந்து போனது. படம் எடுத்தது மூன்றுதான். மிச்ச நேரம் சும்மா பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்றைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். மலை இருவாச்சி. அதன் இறக்கைச் சத்தம் பறவை கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டுவிடும். தை, மாசியில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு கீற்று ஒன்றைத்தான் திறப்பாக விட்டு வைக்கும். ஆண்தான் பழம் பொறுக்கிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். நான் பார்த்தது ஒற்றை ஆண். எந்த மரத்துக்குப் போகிறது என்று பின்தொடரவில்லை. கூடு தெரிந்தால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள்.

ஆல்பம் தயாராகும்போது சித்திரை முடிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்க வால்பாறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவர்கள் உடுமலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மின்விசிறி அடியில் பாயை விரித்து அம்மா ஆல்பத்தைத் திறந்தார். மண்டபம், தாலி, வரவேற்பு எல்லாம் வேகமாகத் திரும்பின. லைன் வீட்டுப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. "இங்க வாங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டார்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். வீடு, மரம், வாசலில் நின்ற ஆட்கள் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனவர், பொதுக்குழாய் இருந்த மூலையில் விரலை வைத்தார்.

"தண்ணி சொட்டுது பாரு. வாசர் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தேன்."