பந்து கையில் இல்லாத நேரம்: பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில் மூலையில் நின்று கற்றது

ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் எங்கள் மைதானத்தின் சிமென்ட் தளம் பாசி பிடித்துக் கிடக்கிறது. இனி கார்த்திகை முடியும் வரை அதில் ஓடிக் கால் ஊன்ற முடியாது. இந்த ஓய்வில், சென்ற தை மாதம் முதல் எழுதி வந்த பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, அதில் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் கூடைப்பந்து ஆடுவது கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில். வாரம் மூன்று நாள், காலை ஆறு மணி முதல் ஏழரை மணி வரை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள்: ஆசிரியர்கள் இருவர், நெல் விவசாயம் செய்யும் நண்பர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஆறடி உயரக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் நான். எனக்கு வயது 43, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். தொலைவிலிருந்து எறிந்து கூடை போடும் கை எனக்கு வாய்க்கவில்லை. அதனால் இந்த ஆண்டு ஒன்றை மட்டும் கற்பது என்று முடிவு செய்தேன்: மற்ற இருவர் பிக் அண்ட் ரோல் ஆடும்போது, பந்து இல்லாத நான் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும்.

பிக் அண்ட் ரோலை இருவர் ஆட்டம் என்றே நான் இருபது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். பந்து வைத்திருப்பவரைக் காக்கும் ஆளின் வழியில் நம் உயரமான ஆட்டக்காரர் வந்து அசையாமல் நின்று ஸ்கிரீன் போடுகிறார். பந்து வைத்திருப்பவர் அவருடைய தோளை உரசியபடி கடக்கிறார். கடந்தவுடன் ஸ்கிரீன் போட்டவர் திரும்பி ரிங்கை நோக்கி ஓடுகிறார்; இந்த ஓட்டம்தான் ரோல். அந்த நொடியில் எதிரணியின் இருவர் பந்தின் பக்கம் இழுபட்டுவிடுவதால், ரிங்கை நோக்கி ஓடுபவரை நிறுத்த மூன்றாவது ஆள் ஒருவர் வந்தாக வேண்டும். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் பந்துக்கு எதிர்ப்புற மூலையில் நிற்பவரைக் காப்பவர், அதாவது என்னைக் காப்பவர். அவர் என்னை விட்டுப் போகலாமா கூடாதா என்ற ஐயத்தை அவருக்கு உண்டாக்குவதுதான் என் வேலை என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

முதலில் தளத்தைப் பற்றி ஒரு குறிப்பு. எங்கள் தளத்தில் பூசியிருக்கும் கோடுகள் பழையவை. ரிங்குக்கு முன்னால் உள்ள மூன்று விநாடிப் பகுதி (தாக்கும் அணியினர் அதற்கு மேல் நிற்கக் கூடாத இடம்) இன்னும் சரிவக வடிவில் இருக்கிறது. பன்னாட்டு விதிகளின்படி 2010ஆம் ஆண்டு முதல் அந்தப் பகுதி செவ்வகமாகவும், மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி) 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டராகவும் மாறிவிட்டன. மூலைகளில் மட்டும் அது 6.60 மீட்டர், அங்கே பக்கக் கோட்டுக்கு முன்னால் மிஞ்சுவது 90 சென்டிமீட்டர்தான். நாங்கள் ஒரு கயிற்றில் அளவுக்கு முடிச்சுப் போட்டு, சுண்ணாம்புத் தூளால் புதுக் கோடு இழுத்துக்கொண்டோம். பழைய கோட்டில் நின்றபோது என்னைக் காப்பவர் உள்ளே போய் உதவிவிட்டு ஓரெட்டில் என்னிடம் திரும்பிவிடுவார். புதுக் கோட்டுக்கு வெளியே நின்றபோது அந்த ஓரெட்டு போதவில்லை. குறுகிய இடத்தில் இரண்டு பாதங்களையும் கோட்டுக்கு வெளியே, ரிங்கைப் பார்த்தபடி, பக்கக் கோட்டை மிதிக்காமல் வைத்து நிற்பதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

தை, மாசி இரண்டு மாதமும் நான் செய்தது மூலையில் நிற்பது மட்டுமே. அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2004-05 பருவத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டியில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி, மைக் டி'அன்டோனியின் பயிற்சியில், ஸ்டீவ் நாஷும் அமாரே ஸ்டவுடமையரும் நடுவில் பிக் அண்ட் ரோல் ஆட, மற்றவர்களைக் கோட்டுக்கு வெளியே பரப்பி நிறுத்தி 62 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முந்தைய பருவத்தில் அதே அணி வென்றவை 29. அந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்த எங்கள் கல்லூரித் தம்பிகள், “அண்ணே, நீங்க மூலையில நில்லுங்க, அது போதும்” என்றார்கள். போதவில்லை. மாசிக் கடைசி வாரத்தில் முப்பது முறை எண்ணிப் பார்த்தேன்: என்னைக் காத்தவர் 24 முறை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய் ரோலை அடைத்துக்கொண்டார், எனக்குப் பந்து வந்த ஒன்பது முறையில் இரண்டு மட்டுமே கூடையாயின. நாஷின் அணியில் மூலையில் நின்றவர்கள் அங்கிருந்தே எறிந்து கூடை போடக்கூடியவர்கள். அவர்களை விட்டு நகர எதிரணிக்கு அச்சம் இருந்தது. என்னை விட்டு நகர எவருக்கும் அச்சம் இல்லை.

எனவே பங்குனியில் நேர்மாறாகச் செய்தேன்: ஸ்கிரீன் போட்டவுடனே மூலையிலிருந்து ரிங்கை நோக்கி கட் ஓடினேன், அதாவது பந்தில்லாமல் சட்டென்று உள்ளே பாய்ந்தேன். இதில் விளைவு இன்னும் மோசமாயிற்று. நான் ஓடும்போது என்னைக் காப்பவரும் என்னோடு ஓடி வருகிறார். ரோல் வருபவரும் அதே இடத்துக்கு வருகிறார். ஆக ரிங்குக்கு அடியில் எங்கள் இருவரையும் எதிரணியின் ஒரே ஆள் கை நீட்டித் தடுத்துவிட முடிகிறது. இரண்டு வாரம் இப்படி முட்டிக்கொண்ட பிறகு, நெல் விவசாயி நண்பர் ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்தி, “நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னைன்னு நம்ம ஊர்லயே சொல்லி வச்சிருக்காங்களே, இங்க நண்டுகூட ஓட எடம் இல்லையே சார்” என்றார். ஒவ்வொரு பயிருக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைச் சொல்லும் அந்தப் பழமொழியை நான் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றுதான் அதை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தினேன். எங்களுக்கு வேண்டிய இடைவெளி, காக்கும் ஆள் ஒருவர் ஒரே எட்டில் நம்மில் இருவரைத் தொட முடியாத இடைவெளி. கயிற்றை வைத்து அளந்து பார்த்ததில் அது எங்கள் ஆட்களின் வேகத்துக்கு நான்கு முதல் ஐந்து மீட்டர் வரை வந்தது. அந்தத் தொலைவு ஓடும்போதும் குறையக் கூடாது என்பதுதான் இதில் கடினம்.

சித்திரையில் யூட்டா ஜாஸ் என்ற இன்னொரு என்.பி.ஏ. அணியின் பழைய ஆட்டங்களின் பதிவுகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் ஜெர்ரி ஸ்லோனின் பயிற்சியில் 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இறுதிச் சுற்று வரை சென்ற அணி அது. மூன்று புள்ளி எறிதலை இன்றைய அணிகள் அளவுக்கு நம்பாத காலம் என்பதால், எங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது அந்த அணியைத்தான் என்று நான் கருதுகிறேன். ஸ்டாக்டன் தம் ஆட்ட வாழ்வில் கொடுத்த 15,806 அசிஸ்ட்களைப் (மற்றவர் கூடை போட வழிசெய்த பாஸ்களைப்) பற்றிப் பேசும்போது மலோன் பெயர் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் மற்ற மூவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காப்பவரின் முகம் பந்தின் பக்கம் திரும்பும் வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். திரும்பிய கணத்தில், அவருடைய முதுகுக்குப் பின்னால் புறப்படுகிறார்கள்.

இதைப் பழக நாங்களே ஒரு பயிற்சியை அமைத்துக்கொண்டோம், இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். நான் மூலையில் நிற்பேன். ஆசிரியர் ஒருவர் என்னைக் காப்பார். மற்ற இருவர் மெதுவாக பிக் அண்ட் ரோல் ஆடுவார்கள். என்னிடம் பந்து வராது. ஆசிரியருடைய இரண்டு கண்களும் எனக்குத் தெரிந்துகொண்டிருக்கும் வரை நான் அசையக் கூடாது. எனக்கு அவருடைய காது மட்டும் தெரிந்தால் “காது” என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். முதல் வாரம் நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதைப் பார்க்க மறந்தேன். மூன்றாம் வாரத்தில் சொல்வதை நிறுத்தியும் கால் தானாகப் புறப்பட்டது. கோடையின் உச்சத்தில், ஏழு மணிக்கே தளம் சுடத் தொடங்கும் நாட்களில், இருபது நிமிடம் இதை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்பினோம்.

எப்போது ஓடுவது என்பது தெரிந்த பிறகு, எந்தப் பக்கம் ஓடுவது என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை என்னைக் காப்பவரிடம் இல்லை, ரோல் வருபவரின் காலடியில் இருக்கிறது என்பதை ஆனி மாதம் கண்டுகொண்டோம். மருந்துக்கடை நண்பர் ரிங் வரை ஆழமாக ஓடினால் நான் அடிக்கோட்டை (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோட்டை) ஒட்டி உள்ளே போவது அவருடைய வழியை அடைப்பதாகும். அப்போது நான் மூலையிலிருந்து கோட்டுக்கு வெளியிலேயே மேலேறி, ரிங்குக்கு 45 பாகையில் இருக்கும் பக்கவாட்டு இடத்துக்கு வர வேண்டும். அவரை அடைக்க உள்ளே போன ஆள் என்னிடம் திரும்பி ஓடிவர வேண்டிய தொலைவு கூடிவிடுகிறது. பந்து வைத்திருப்பவருக்கும் மூலைக்குக் குறுக்காக நீண்ட பாஸ் போடுவதைவிட என்னிடம் போடுவது எளிதாகிறது. எனக்கு எறியும் கை இல்லாவிட்டாலும், வேகமாக ஓடிவருபவர் நிற்க முடியாமல் தடுமாறும்போது அவரைக் கடந்து உள்ளே பந்தைத் தட்டிக்கொண்டு போக முடிகிறது. மாறாக, நண்பர் ரிங்குக்கு நேர் எதிரே சற்றுத் தள்ளியுள்ள ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகிலேயே நின்று பந்தை வாங்கினால், ரிங்குக்கு அடியில் இடம் காலியாக இருக்கும். அப்போது நான் அடிக்கோட்டை ஒட்டி கட் ஓட வேண்டும். ரோல் ஆழமானால் மேலே, ரோல் நடுவில் நின்றால் அடியில். குறிப்பேட்டில் இந்த வரியைத்தான் நான் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஒரே பக்கத்தில் நம்மவர் இருவர் நிற்கும்போது கணக்கு சற்று மாறும். மேலே பக்கவாட்டில் நிற்பவரைக் காப்பவர் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்கு நகர்ந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முதுகுக்குப் பின்னால், மேலே நிற்பவர் நேராக ரிங்குக்கு கட் ஓடலாம். அப்போது மூலையில் இருக்கும் நான் ஓடக் கூடாது. அவர் விட்டுச் சென்ற இடத்துக்கு ஏறி நிரப்ப வேண்டும். என்னைக் காப்பவர் கட் ஓடியவரைப் பிடித்தால் நான் தனியாக நிற்பேன், பிடிக்காவிட்டால் கட் ஓடியவருக்கு லே-அப், அதாவது ரிங்குக்கு அடியிலிருந்தே போடும் எளிய கூடை. இதைக் கல்லூரித் தம்பி ஒருவர் மிக அழகாகச் செய்கிறார். அவருடைய ஓட்டத்தில் தயக்கமே இல்லை. பந்து வராவிட்டால் மூன்று விநாடிக்குள் எதிர்ப்புற மூலைக்கு வெளியேறிவிட வேண்டும் என்பதை மட்டும் அவருக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ரோல் போகிறவரைக் காப்பவருக்கு மூன்றாமவர் ஒருவர் பின்னாலிருந்து ஸ்கிரீன் போடும், ஸ்பெயின் அணியின் பெயரால் வழங்கும் முறையையும் இரண்டு நாள் முயன்றோம். எங்கள் வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம்.

ஆவணியில் திருவாரூரிலிருந்து ஓர் அணி வந்து எங்களோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் அவர்கள் எங்கள் பந்துக்காரரை இருவராகச் சூழ்ந்து அழுத்தத் தொடங்கினார்கள். ஸ்கிரீன் போட்ட மருந்துக்கடை நண்பர் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தை வாங்கினார். அங்கிருந்து நாங்கள் நால்வர், அவர்கள் மூவர். என்னைக் காத்தவர் அவரை நோக்கித் தலையைத் திருப்பியதும் நான் அடிக்கோட்டில் ஓடினேன்; பந்து என் மார்புக்கு வந்தது; லே-அப் விழுந்தது. அதே வழியில் இரண்டாவது முறையும் விழுந்தது. மூன்றாவது முறை அவர்களுடைய உயரமானவர் ரிங்குக்கு அடியில் எனக்காகவே காத்திருந்து பந்தைத் தட்டிவிட்டார். அவர் எனக்காக நின்றதால் எதிர் மூலையில் எங்கள் ஆசிரியர் முற்றிலும் தனியாக நின்றிருந்தார் என்பதை நான் தரையிலிருந்து எழுந்தபோதுதான் கண்டேன். அந்த ஆட்டத்தில் ஆறு புள்ளியில் தோற்றோம்; அடுத்ததில் வென்றோம். வென்ற ஆட்டத்தைவிட அந்த மூன்றாவது ஓட்டம்தான் என் மனத்தில் நிற்கிறது. 1996 மார்ச்சில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணி, காப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஓடிய ஒரு கட் மூலம் கடைசிக் கூடையைப் போட்டு யு.சி.எல்.ஏ. அணியை 43-41 என வென்றது. பீட் கேரில் பயிற்றுவித்த அந்த அணி அதே ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஆடி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்த ஓட்டமும் பலிப்பதற்குக் காரணம், அவர் அதை அடைத்தால் திறக்கும் அடுத்த இடத்தில் இன்னொருவர் நிற்பதுதான். எங்களில் அந்த இன்னொருவரை நோக்கிப் பந்து போகும் பழக்கம் இன்னும் வரவில்லை.

புரட்டாசியில் அதற்காகவே, உள்ளே பந்து வாங்கியவர் கூடைக்கு எறியவே கூடாது, எதிர் மூலைக்குத்தான் பாஸ் போட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு சில நாள் ஆடினோம். மாசியில் எண்ணியது போலவே முப்பது முறை மீண்டும் எண்ணினேன். என்னைக் காத்தவர் கவலையின்றி என்னை விட்டுப் போனது இம்முறை 11. எனக்குப் பந்து வந்தது பதினான்கு முறை, கூடை எட்டு. எட்டில் ஏழு வலது மூலையிலிருந்து ஓடியவை. இடது மூலையிலிருந்து ஓடும்போது இடது கையால் முடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை இன்னும் பழகவில்லை என்பதால், ரிங்கைத் தாண்டி மறுபக்கம் போய் வலது கையால் பின்னோக்கிப் போடுகிறேன். ரிங்கும் வலையும் எதிராளியின் கைக்குக் குறுக்கே நிற்பதால் அது தடுபடுவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு எட்டுக் கூடுதலாக வேண்டியிருக்கிறது, அதற்குள் உதவிக்கு இன்னொருவர் வந்துவிடுகிறார்.

மழை நாட்களில் வீட்டுத் திண்ணையில் இடது கையால் சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறேன், நாளொன்றுக்கு இருநூறு. மார்கழியில் பனி ஈரம் காயும் வரை ஆட்டத்தை ஏழு மணிக்குத் தள்ளி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். மழையில் கரைந்துபோன சுண்ணாம்புக் கோட்டை முதல் நாளே மீண்டும் இழுக்க வேண்டும், 6.60 மீட்டரில் முடிச்சுப் போட்ட கயிறு என் வீட்டுப் பரணில் இருக்கிறது.