பிரித்து வைக்கப்படும் பம்ப்

மே 5, 2025, திங்கள்

அக்னி நட்சத்திரம் நேற்றுதான் ஆரம்பித்தது. ஈஸ்ட் வளர 30 டிகிரி போதும், ஆய்வகத்துக்குள் அதைவிடச் சூடு. ஊர் உலகத்தில் இன்குபேட்டர் என்றால் சூடேற்றும் பெட்டி. கிண்டியில் மே மாதம் அது குளிர வைக்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். எங்கள் பழைய பெட்டிக்குத் தெரியாது. தட்டுகளை எல்லாம் ஏசி அறைக்கு மாற்றினேன்.

மாற்றும்போதே நிற வித்தியாசம் கண்ணில் பட்டது. எங்கள் ஈஸ்ட்டில் அடினைன் தயாரிக்கும் மரபணு ஒன்று கிடையாது. அதனால் பாதி வழியில் நின்றுபோன பொருள் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் சேர்ந்து, காலனிகள் சிவந்து போகும். ஆனால் அந்தச் சிவப்பு தேங்குவதற்கு வாக்குவோல் அமிலமாக இருக்க வேண்டும். அமிலமாக்குவது, புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே தள்ளும் வி-ஏடிபேஸ் என்ற பம்ப். பம்ப் பழுதானால் காலனி வெள்ளை. இன்று சிவப்புக்கு நடுவே வெள்ளைகள் பளிச்சென்று இருந்தன. அவற்றை எடுத்து பிஎச் 5.5 தட்டிலும், கால்சியம் கூட்டிய பிஎச் 7.5 தட்டிலும் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். பம்ப் இல்லாத ஈஸ்ட் முதல் தட்டில் பிழைக்கும், இரண்டாவதில் தலையெடுக்காது.

மே 6, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு பம்ப்பை விளக்க வேண்டியிருந்தது. சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மேல் பாதியின் பெயர் வி1. அது வாக்குவோலின் சவ்வுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்தில் நிற்கிறது. ஏ, பி என்ற புரதங்கள் மும்மூன்று, மாறி மாறி வட்டமாக அமர்ந்திருக்கின்றன. செல்லின் எரிபொருளான ஏடிபி உடைவது இங்கேதான். ஒன்று உடைந்தால் நடுவில் இருக்கும் தண்டு 120 டிகிரி திரும்பும். மூன்று உடைந்தால் ஒரு சுற்று. கீழ்ப் பாதி விஓ, சவ்வுக்குள் புதைந்தது. தண்டின் அடியில் ஒரு வளையம், ஈஸ்ட்டில் அதற்குப் பத்துப் புரதங்கள். ஒவ்வொன்றிலும், சவ்வின் நடு ஆழத்தில், ஒரு குளுட்டமிக் அமிலம். வளையத்தை ஒட்டிச் சுற்றாமல் நிற்கும் இன்னொரு புரதத்தில் இரண்டு அரை வாய்க்கால்கள். ஒன்று சைட்டோபிளாசத்துக்குத் திறக்கும், மற்றது வாக்குவோலுக்கு. இரண்டும் நேராகச் சேர்வதே இல்லை. சூட்சுமம் அங்கேதான்.

புரோட்டான் முதல் வாய்க்காலில் நுழைந்து குளுட்டமிக் அமிலத்தில் ஏறுகிறது. ஏறியதும் அங்கிருந்த மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. மின்னூட்டம் இருந்தால் சவ்வின் கொழுப்புக்குள் போகவே முடியாது. அப்புறம் வளையத்தோடு கிட்டத்தட்ட முழுச் சுற்றுச் சுற்றி வந்து, இரண்டாவது வாய்க்காலில் இறங்குகிறது. இறக்கி விடுவதில் அங்கிருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி செலவு, பத்துப் புரோட்டான் வரவு.

“மேல் பாதியும் தண்டோடு சேர்ந்து சுத்திடாதா?” என்றாள். சரியான கேள்வி. மூன்று புறத் தண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றாத புரதத்தோடு இணைக்கும் துண்டுகளில் ஒன்றுக்கு சி என்று பெயர். அந்த சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மே 9, வெள்ளி

சைதாப்பேட்டை வீட்டு மாடியில் பிளஸ் டூ பையன். “அக்கா, வயித்துல ஆசிட் சுரக்குறதும் இந்த பம்ப்தானா?” இல்லை. அது வேறு குடும்பம், சுற்றாது. ஒரு புரோட்டானை வெளியே விட்டு ஒரு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அப்பா காலையில் போடும் ஓமெப்ரசோல் அதைத்தான் அடைக்கிறது. சுற்றும் குடும்பத்தில் நம் பாடநூலில் வருவது மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி சிந்தேஸ். அங்கே கதை தலைகீழ்: புரோட்டான் இறங்கும் விசையில் தண்டு சுற்றி ஏடிபி உருவாகிறது. 1997-இல் ஜப்பானில் நோஜியும் குழுவினரும் அதன் தண்டில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்த்தார்கள். அதே வருடம் பாயருக்கும் வாக்கருக்கும் நோபல். பையனுக்கு நோபலைவிட அந்த இழைதான் பிடித்தது. எனக்கும் அப்படித்தான்.

மே 12, திங்கள்

இன்று நாள் முழுக்க மைக்ராஸ்கோப் அறை. சி புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டிய ஈஸ்ட். குளுக்கோஸ் இருக்கும்போது வாக்குவோலைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு. சர்க்கரையைக் கழுவி எடுத்ததும் சில நிமிடங்களில் கோடு மங்கி, பச்சை செல் முழுக்கப் பரவிவிட்டது. குளுக்கோஸை மறுபடி ஊற்றினேன். கோடு திரும்பி வந்தது.

நடப்பது இதுதான்: சி கழன்றுகொள்ள, வி1 சவ்வைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. ஏடிபி தின்னும் பம்ப்பை பஞ்ச காலத்தில் செல் ஓட விடுவதில்லை. ஈஸ்ட்டில் இதை பாட்ரிசியா கேன் 1995-இல் காட்டினார். திரும்பச் சேரப் புதுப் புரதம் எதுவும் தேவையில்லை, அதே துண்டுகள்தான். சேர்த்து வைக்க ரேவ் என்ற மூன்று புரதக் கூட்டு உதவுகிறது. ரேவ் இல்லாத ஈஸ்ட் 30 டிகிரியில் சமாளிக்கும், 37-இல் பம்ப் இல்லாத ஈஸ்ட்டைப் போலவே தவிக்கும்.

அதே 1995-இல் புகையிலைக் கம்பளிப்புழுவிலும் இதைக் கண்டார்கள். தோலுரிக்கும் நேரத்தில் புழு சாப்பிடுவதில்லை. குடலில் வி1 பிரிந்து கிடக்கிறது. பம்ப் என்றாலே எல்லாரும் அது சுற்றுகிற அனிமேஷனைத்தான் போடுகிறார்கள். சுற்றுவதைவிட இந்தக் கழற்றி மாட்டலுக்குத்தான் என் ஓட்டு.

மே 14, புதன்

பிரித்தால் மட்டும் போதாது என்பதை மாணவிக்கு மோட்டாரை வைத்துச் சொன்னேன். மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்றினால், வால்வ் இல்லாத குழாயில் தொட்டித் தண்ணீர் முழுக்கக் கீழே வந்துவிடும். விஓ தனியே நிற்கும்போது அப்படித்தான் புரோட்டான் ஒழுக வேண்டும். ஒழுகுவதில்லை. சுற்றாத புரதத்தின் வெளித்தலை மடிந்து வளையத்தின் மேலிருக்கும் டி துண்டைப் பிடித்துக்கொள்கிறது, வளையம் நின்றுவிடுகிறது. கழன்ற வி1 சும்மா ஏடிபியை எரிக்கவும் கூடாது. அதை எச் புரதம் பூட்டுகிறது. எச் சேர்ந்திருக்கும்போது பம்ப் ஓட அவசியம், பிரிந்தபின் அதே எச் பிரேக். இப்படி ஒரே துண்டுக்கு இரண்டு வேலை கொடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

இன்று கரண்ட் இரண்டு முறை போனது. அவ்வளவுதான் செய்தி.

மே 16, வெள்ளி

நமக்கும் இதே பம்ப் உண்டு. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் இதை வைத்துத்தான் எலும்பின் மேல் அமிலத்தைக் கொட்டுகின்றன. அதன் ஒரு வகைப் புரதத்தில் பிழை இருந்தால் குழந்தைகளுக்கு எலும்பு அளவுக்கு மீறி இறுகும் நோய். சிறுநீரகத்தில் இருக்கும் வகையில் பிழை வந்தால் ரத்தத்தில் அமிலம் தேங்கும், சிலருக்குக் காதும் கேட்காமல் போகும்.

ஆனால் பட்டினிக் கதை மட்டும் நம்மிடம் அப்படியே வரவில்லை. வளர்ப்புத் தட்டில் உள்ள மனித செல்களுக்கு அமினோ அமிலத்தைக் குறைத்தால் வி1 பிரிவதில்லை, விஓவோடு கூடுதலாகச் சேர்கிறது. ஃபோர்காக் குழு 2015-இல் காட்டியது. குளுக்கோஸைக் குறைத்தாலும் அப்படித்தான் என்று பிறகு வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: சாப்பாடு இல்லாத செல் தன் சொந்தப் புரதங்களை லைசோசோமில் (ஈஸ்ட்டின் வாக்குவோலுக்கு நம் செல்லில் இருக்கும் இணை) போட்டு உடைத்துத்தான் அமினோ அமிலம் எடுக்க வேண்டும், அதற்கு உள்ளே அமிலம் வேண்டும். ஈஸ்ட் ஏடிபியை மிச்சம் பிடிக்கிறது, நம் செல் செலவழித்துச் சம்பாதிக்கப் பார்க்கிறது. ஒரே பஞ்சத்துக்கு எதிரெதிர் உத்தரவு வருவது எந்தப் புள்ளியில் பிரிகிறது என்று மேடத்திடம் கேட்டேன். “அதுக்குத்தான் உனக்கு ஸ்காலர்ஷிப்” என்றார்.