புள்ளி தொலைஞ்ச எண்ணெய்யோட நந்தம்பாக்கம் போன கதை

ஒரு டெக் மாநாட்டுக்காக சென்னை கிளம்புனேன், சேரன் எக்ஸ்பிரஸ்ல சைடு அப்பர் பெர்த்துதான் கிடைச்சுது. அரைத்தூக்கத்துல சென்ட்ரல்ல இறங்கினா விடிஞ்சும் விடியாததுமா சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சு, கோயம்புத்தூர்க்காரனுக்கு சென்னை குடுக்கற முதல் வரவேற்பு எப்பவும் அதுதான்.

மெட்ரோல பச்சை லைன் ஏறுனா நேரா ஆலந்தூர். 2015ல முதல்முதலா ஓடுன கோயம்பேடு–ஆலந்தூர் பகுதி பூரா மேம்பாலம்தான், மொட்டைமாடில காயுற துணி, தண்ணி டேங்க்கெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம். ஆலந்தூர்ல ஆட்டோ புடிச்சு, மெட்ரோ வேலைக்காக அடைச்சு வச்சிருக்கற மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுல ஊர்ந்து மாநாடு நடக்கற நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் போய்ச் சேர்ந்தப்ப முதல் பேச்சு முடிஞ்சு கைதட்டிட்டு இருந்தாங்க.

காலைல பூரா ஏஐதான். எல்லார் ஸ்லைடுலயும் அதே அம்புக்குறி, அதே டப்பா. நான் ஆபீஸ் செலவுல இவ்வளவு தூரம் வந்தது அதுக்கில்ல, மத்தியானம் சின்ன ரூம்ல ஒரு தமிழ் டெக்ஸ்ட் செஷன் இருந்துச்சு, அதுக்கு.

காரணம் ஒரு எண்ணெய். நாங்க மளிகைக்கடைக்கு பில்லிங் ஆப் பண்றோம், பொருள் பேருக்கு 15 எழுத்துன்னு லிமிட் போட்டது நானேதான். போன மாசம் காங்கேயத்துல இருந்து ஒரு கடைக்காரர் போன் போட்டு, "ஏனுங்க தம்பி, எண்ணெய்ல புள்ளியக் காணோமுங்க"ன்னாரு. பில்லப் பாத்தா "தேங்காய் எண்ணெய"ன்னு இளிக்குது. நாம எண்ணுனா நடுவுல இருக்கற இடைவெளியோட சேர்த்து 9தான். கம்ப்யூட்டர் எழுத்துக்கு எண் குடுக்கற யூனிகோட் முறைல துணைக்கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனின்னு எண்ணுறதால 16 ஆயிடுது, பதினாறாவதா நின்ன புள்ளிக்கு நான் கத்திரி போட்டுட்டேன். 15ஐ 30 ஆக்குனா போச்சுன்னு டீம்ல சொன்னாங்க, நாளைக்கு 31 வராதா?

ரூம்ல இருபது பேர் இருந்தா ஜாஸ்தி. சாப்பாடு முடிஞ்ச நேரம்ங்கறதால அதுலயும் பாதிப்பேர் கண்ணு சொக்குது. எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், 1999 பிப்ரவரில இதே சென்னைல நடந்த தமிழ்நெட் 99ங்கற தமிழ்க் கணினி மாநாட்டுக்கே போனவராம். அப்பல்லாம் ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபான்ட் இறக்கணும் தம்பி, இல்லன்னா கட்டம் கட்டமாத்தான் தெரியும்னாரு. அந்த மாநாட்டுல வந்ததுதான் தமிழ்99 கீபோர்டு. அவர் அதுலதான் அடிக்கிறாரு, உயிரெல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். "எண்ணெய்" அடிச்சுக் காட்டுங்க சார்னேன். ண-வ ரெண்டு தடவ தட்டுனா முதல் ண-க்கு புள்ளி தானா விழுந்துடுது! கடைசி ய-க்கு மட்டும் புள்ளிக்குன்னு இருக்கற கீய தட்டணும். நான் தொலைச்சதும் கரெக்டா அந்தப் புள்ளியத்தான்.

அப்புறம் "கொத்தமல்லி"ன்னு ரெண்டு தடவ அடிச்சாரு, ஒண்ணுல ஒ-குறி ஒரே யூனிகோட் எண்ணா, இன்னொண்ணுல ஒத்தக்கொம்பு தனியா, கால் தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஒண்ணத் தேடுனா இன்னொண்ணு சிக்கல. எங்க ஆப்ல சரக்கு இருந்தும் இல்லைன்னு காட்டுன மர்மம் அங்கேயே உடைஞ்சுது, சேமிக்கறதுக்கு முன்னாடி நார்மலைஸ் பண்ணியிருந்தா, அதாவது ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தியிருந்தா, ஒரே வரி வேலை. கேவலமா இருந்துச்சு, சொல்லிக்கல.

எஸ்எம்எஸ் பத்தியும் கேட்டேன். இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, அதுல ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் 70க்கு இறங்கிடும், அந்த 70லயும் புள்ளிக்குத் தனிக்கணக்கு. தமிழ்ல பில் மெசேஜ் அனுப்புனா காசு எகிறுதேன்னு எங்க முதலாளி பொலம்புறதுல நியாயம் இருக்கு.

ராத்திரி திரும்பவும் சேரன். ரயில் கிளம்பறதுக்குள்ளயே ஜாவாஸ்கிரிப்ட்ல இருக்கற செக்மென்டர், அதாவது கண்ணுக்குத் தெரியற எழுத்தா பிரிக்கற கருவிய வச்சு எண்ணிப் பாத்தேன், தேங்காய் எண்ணெய் 9, புள்ளி பத்திரம். சந்தோஷத்துல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட காட்டலாமான்னு கூட யோசிச்சேன். சும்மா இருக்காம "பக்ஷணம்" குடுத்தா 4க்கு பதிலா 5ங்குது, நமக்கு ஒரே எழுத்தான க்ஷ-வ க் தனியா ஷ தனியா பிரிச்சுடுது. காங்கேயத்துல எவன் பக்ஷணம்னு பில் போடப்போறான்னு லேப்டாப்ப மூடிட்டு சைடு அப்பர்ல ஏறிட்டேன்.