கயிறு கட்டிப் பார்த்த வீடு

கோத்தகிரியில் அப்பா வீட்டு முற்றத்தில் போன வாரம் ஒரு வீடு கட்டினோம். நான்கு மூலைக்கு நான்கு முளைக்குச்சி, சுற்றிலும் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அகலம் 8 அடி, நீளம் 28 அடி. கட்டில் வரும் இடத்தில் ஒரு பாய், அடுப்படிக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கழிவறைக்குக் கவிழ்த்து வைத்த கூடை. அமெரிக்காவில் நாங்கள் வாங்கப் போகும் டிராவல் டிரெய்லரின், அதாவது டிரக்கின் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டின், தரைப்படம் அது. அங்கே பொதுவாக ஆர்.வி. என்பார்கள். அப்பா வைத்த பெயர் வண்டிவீடு. வாடகை வீட்டை விட்டுவிட்டு வருடம் முழுக்க அதிலேயே குடியிருப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். கூட வருவது மணி. ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு, 42 கிலோ.

மணியை இந்தப் பயணத்தில் கூட்டி வரவில்லை. வெறிநாய்க்கடி (ரேபிஸ்) அபாயம் அதிகமுள்ள நாடுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து விதிகள் இன்னும் இறுகிவிட்டன. மைக்ரோசிப், கிளம்பும் முன்பே சான்று பெற்ற தடுப்பூசிப் படிவம் என்று எல்லாம் சரியாக இருந்தால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். அதற்கு மேல் ஒரு நாள் முழுக்க விமானத்தின் சரக்கு அறையில் அவனை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. தோழி வீட்டில் விட்டிருக்கிறோம்.

அவனுக்குப் பதிலாக அப்பாவின் வெள்ளையன் வந்தான். ராஜபாளையம் கலப்பு, கிட்டத்தட்ட மணி உயரம். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தவன் பாய்க்கும் கூடைக்கும் நடுவே நீட்டிப் படுத்துக்கொண்டான். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாப்பா, ராத்திரி நீ பாத்ரூம் போகணும்னா இவனத் தாண்டித்தான் போகணும். இருட்டுல மிதிச்சிருவ" என்றார்.

ஆறு மாதமாக லேப்டாப்பில் தரைப்படங்களைப் பார்த்து வந்தோம். எங்கள் இருவர் கண்ணிலும் இது படவே இல்லை.

அப்பாவுக்குப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. அவர் பிறந்தது இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஏழு பேர். 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1973-இல், அப்பாவுக்கு 19 வயதில், ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். கடைசியில் இந்த மலை. இங்கேயும் முதலில் லைன் வீடுதான். வாசலிலேயே ஈரக் கம்பளியைக் கழற்றி மாட்ட ஆணி, தலைக்கு மேல் பரண், தரையில் ஒரு சாமானும் கிடையாது. நடக்கிற வழியை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது என்பது பாட்டியின் சட்டமாம்.

லயத்தில் அவர்களிடம் ஒரு நாய் இருந்தது. பக்கத்து அறைக்காரருக்கு இலங்கைக் குடியுரிமை, அப்பா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட். நாயை அவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வருடம் கழித்து வந்த கடிதத்தில், அது தினமும் பழைய வாசலிலேயே படுக்கிறது என்று ஒரு வரி இருந்ததாம். அதன் பெயரும் மணி. எங்கள் நாய்க்கு வைக்க அப்பா ஃபோனில் இந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு இது தெரியாது. இந்த முறைதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அவன எங்கயும் விடாம வீட்டோட கூட்டிட்டுப் போறீங்க பாரு, அது நல்ல யோசனை" என்றார்.

எங்கள் யோசனையின் வேரும் மணிதான். அமெரிக்காவில் பதினான்கு வருடத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறோம். கடைசி மூன்று முறையும் நல்ல அபார்ட்மென்ட் கிடைத்து, தடை செய்யப்பட்ட நாய் இனங்களின் பட்டியலில் ஜெர்மன் ஷெப்பர்டும் இருந்ததால் கைநழுவியது. சம்மதித்த இடத்தில் மாதாமாதம் நாய்க்குத் தனி வாடகை. ஆர்.வி.யை நிறுத்திக் குடியிருக்கும் பார்க்குகள் பலவற்றிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. அதனால் ஒவ்வொரு இடத்தையும் பதிவு செய்யும் முன் ஃபோன் போட்டு மணியின் இனத்தையும் எடையையும் சொல்லிக் கேட்டுவிடுவதாகத் திட்டம். மறைத்துவிட்டு உள்ளே போய் நடு இரவில் கிளம்பச் சொன்னால் என்ன செய்வது?

இதைச் செய்ய எங்களுக்கு இத்தனை வருடம் ஆனதற்கு விசாவும் காரணம். எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும்வரை வேலை செய்யும் இடம், நிறுவனம் போட்ட விசா மனுவோடு கட்டப்பட்டிருக்கிறது. வேறு நகர வட்டாரத்துக்குப் போய் வேலை பார்க்க வேண்டுமென்றால் நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்ற முடியாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் பேச்சையே எடுத்தோம். கிரீன் கார்டு இருந்தாலும் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சக்கரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஏது முகவரி? முழுநேரமும் இப்படி வாழ்பவர்கள் பெரும்பாலும் டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா மூன்றில் ஒன்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, கடிதங்களை வாங்கி அனுப்பி வைக்கும் சேவைகளும் இருக்கின்றன. நாங்கள் டெக்சாஸ் என்று முடிவு செய்தோம். நம்மவர்கள் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் வண்டி பார்ப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், மனசு நிம்மதியாக இருக்கிறது.

அப்பா லாரி ஓட்டியவர். பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு இந்த மலையில் முப்பது வருடம். எடை பற்றி அவர் கேட்ட கேள்விகள் எந்த விற்பனையாளரும் எங்களுக்குச் சொல்லாதவை. டிரெய்லரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று இருக்கும். நாங்கள் பார்த்ததில் 680 கிலோ. தாராளம் என்று நினைத்திருந்தேன். அப்பா காகிதத்தில் கழிக்கத் தொடங்கினார். 40 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே 150 கிலோ. பாத்திரம், துணி, கருவிகள், கிரைண்டர், அரிசி மூட்டை, மணியின் 18 கிலோ தீனி மூட்டை. மணி அதில் சேர மாட்டான். ஓடும்போது டிரெய்லருக்குள் அவனை விடக் கூடாது, இழுக்கும் டிரக்கின் பின் சீட்டில் பெல்ட் போட்டுத்தான் வருவான். அப்படியானால் டிரக்கின் கணக்கில் அவனைச் சேர் என்றார். சேர்த்தேன். பின் சீட்டு அகலமான டிரக்காகப் பார்க்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இறக்கம் பற்றி ஒரே வரி: "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்தா சூடேறி, வேணும்ங்கும்போது பிடிக்காது." ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சொன்னது, கொலராடோ மலைகளுக்கும் அப்படியே பொருந்தும்.

என்னை இரவில் தூங்கவிடாதது வெயில்தான். நாங்கள் மளிகைக்குப் போன ஒரு மணி நேரத்தில் பார்க்கில் கரன்ட் போனால் ஏ.சி. நின்றுவிடும். தகரப் பெட்டிக்குள் ரோமம் அடர்ந்த நாய். 30 ஆம்ப் இணைப்பில் 3,600 வாட்தான் கிடைக்கும், ஏ.சி.யோடு மைக்ரோவேவும் ஹீட்டரும் போட்டால் நாமே டிரிப் ஆக்கிவிடுவோம். அதனால் உள்ளே வெப்பம் ஏறினால் செல்போன் சிக்னல் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவி முதலில் வாங்கப்படும், டிவி அப்புறம். கருவி இருந்தாலும் வெயில் நாளில் இருவரும் ஒன்றாக வெளியே போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொரு வழி இந்த ஊரே சொல்லிக் கொடுத்தது. உயரம் ஏறினால் குளிர்ச்சி. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். அந்தக் காலத்து மெட்ராஸ் சர்க்கார் கோடைக்கு ஊட்டிக்கு ஏறியதைப் போல, நாங்கள் கோடையில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். 2,100 மீட்டர் உயரம், கோத்தகிரியை விட அதிகம். சுற்றிலும் தேசிய வனத்துறை நிலம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை, வன நிலங்களில் கெடுபிடி குறைவு. மணியோடு வாழ்வது என்றால் புகழ்பெற்ற பள்ளத்தாக்குகளை விட்டுவிட்டு பெயர் தெரியாத பைன் காடுகளில் நடப்பது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. குளிர்காலத்தில் கீழே இறங்கும்போது தெற்கு அரிசோனா மண்ணில் இருக்கும் வேலி ஃபீவர் என்ற பூஞ்சை நோய்தான் கவலை. மண்ணைத் தோண்டி மோப்பம் பிடிக்கும் நாய்களுக்கு வரும். மணி தோண்டுவான். நியூ மெக்சிகோவா டெக்சாஸ் கடற்கரையா என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று படிக்கட்டுப் பிரச்சினை. டிரெய்லரின் மடக்குப் படிகள் ஒடுக்கமானவை, ஏறும்போது ஆடும். மணிக்கு ஏழு வயது, பின்னிடுப்பு தேயத் தொடங்கியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. அப்பா திண்ணையில் டிரெய்லர் வாசல் உயரத்துக்குக் குறி போட்டு, நான்கடி சில்வர் ஓக் பலகை ஒன்றைச் சாய்த்தார். வெள்ளையன் பாதியில் சறுக்கித் திரும்பினான். ஆறடிப் பலகையில் சாக்கு சுற்றியதும் ஓடி ஏறினான், வர்க்கி கொடுத்ததும் இன்னொரு முறை. ஆறடி மடக்குப் பலகை தேடச் சொல்லி வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். எடையையும் கேட்கச் சொன்னார் அப்பா.

இருட்டியதும் சிறுத்தை பயத்தில் வெள்ளையனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. சாப்பாட்டு மேசையையும் அதன் இரண்டு பெஞ்சையும் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தை மணியின் படுக்கைக்கு விட்டால் நடைவழி கிடைக்குமா என்று காலையில் இன்னொரு முறை நடந்து பார்க்க வேண்டும்.