ஐசி எண்ணில் கடைசி நான்கை மட்டும் கொடுத்தால் போதுமா?

தீபாவளிக் கலைநிகழ்ச்சி, பிள்ளைகளின் தமிழ் முகாம், ஜொகூர் சுற்றுலா என்று சிங்கப்பூரில் எதற்குப் பதிந்தாலும் கூகல் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: ‘ஐசி எண், கடைசி நான்கு மட்டும்’. அடையாள அட்டை எண்ணை முழுசாகக் கேட்கவில்லையே என்று நாமும் நிரப்பிவிடுகிறோம். அதற்கு மேலே முழுப்பெயர், கீழே பிறந்த தேதி. இவை மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டால், மறைத்ததாக நினைக்கும் பகுதியில் மறைந்திருப்பது மிகக் கொஞ்சம்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்ணில் முதலில் ஓர் எழுத்து (2000க்கு முன் பிறந்தவர்களுக்கு ‘எஸ்’), பிறகு ஏழு இலக்கங்கள், கடைசியில் இன்னோர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து சும்மா ஒட்டியது இல்லை. ஏழு இலக்கங்களையும் வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எழுத்தைத் தீர்மானிக்கிறது. மாதிரி எண்ணாக எல்லாரும் எழுதும் 1234567ஐ எடுத்துக்கொள்வோம். 2+14+18+20+20+18+14 என்று 106 வரும், மீதி 7. ‘எஸ்’ வரிசையில் மீதி 0 முதல் 10 வரை ஜே, இசட், ஐ, எச், ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ என்று எழுத்துகள். ஆக 7க்கு டி. 2000ஆம் ஆண்டிலிருந்து பிறந்தவர்களுக்குக் கூட்டுத்தொகையோடு 4 சேர்த்துவிட்டு வகுக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. எழுதும்போது இலக்கம் மாறிப்போனால் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு இது. ரகசியம் காப்பது இதன் வேலையே அல்ல.

1968 முதல் பிறந்தவர்களுக்கு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். 1985இல் பிறந்த ஒருவர் ‘567டி’ என்று கொடுத்தால், நமக்குத் தெரியாதவை நடுவில் உள்ள இரண்டு இலக்கங்கள் மட்டுமே. 00 முதல் 99 வரை நூறு வாய்ப்பு. ‘டி’ வராதவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது 9. வேறு யாருடைய எண்ணை எடுத்தாலும் 9 அல்லது 10தான் மிஞ்சும். (நடு இரண்டையும் பெருக்குபவை 6, 5, இரண்டையும் கூட்டினால் 11. ஆகவே அவ்விரு இலக்கங்களின் வித்தியாசம் ஒன்றே மீதியை முடிவு செய்கிறது. கணக்குப் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.)

‘கடைசி நான்கு’ பழக்கம் பரவியதற்குக் காரணம் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிகள் 1 செப்டம்பர் 2019 முதல் நடப்புக்கு வந்தன. சட்டம் கேட்டாலோ, ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காணவேண்டிய அவசியம் இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் ஐசி எண்ணை வாங்கக்கூடாது. அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. உடனே எல்லாரும் படிவத்தைத் திருத்தினார்கள். ஏன் வாங்குகிறோம் என்று யோசித்தவர்கள் குறைவு. முழு எண்ணைப் பாதியாக்கியவர்களே அதிகம்.

பிறகு டிசம்பர் 2024. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினால் முழு ஐசி எண்ணும் இலவசமாகத் தெரிந்தது. 9ஆம் தேதி திறந்த அந்தத் தேடல் வசதியை 13ஆம் தேதி நிறுத்தினார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டதோடு இன்னொன்றையும் சொன்னது: ஐசி எண் ஒருவர் யார் என்று சுட்டுவதற்குத்தான், அவர்தான் இவர் என்று நிரூபிப்பதற்கு அல்ல. அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்த வேண்டாம் என்று ஜூன் 2025இல் நிறுவனங்களுக்கு அறிவுரையும் வந்தது. சொன்னது சரிதான். ஆனால் அந்த எண்ணை நம்பிப் பூட்டிய கதவுகள் இன்னும் ஏராளம் இருக்கின்றன. அவை மாறும்வரை எண்ணை வாரி இறைக்காமல் இருப்பதே நல்லது.

அப்படிப்பட்ட கதவுகளில் முதலாவது பிடிஎஃப். சம்பளச் சீட்டு, காப்புறுதிக் கடிதம், உடற்பரிசோதனை அறிக்கை என்று மின்னஞ்சலில் வருபவை பலவற்றுக்குக் கடவுச்சொல் பிறந்த தேதியும் ஐசியின் கடைசி நான்கும்தான். மேலே சொன்ன கூகல் படிவத்தைத் திறந்தவருக்கு இரண்டும் கையில். கடவுச்சொல்லை நாமே வைக்க முடியுமா அல்லது சிங்பாஸ் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளம்) வழியாக நுழைந்து பதிவிறக்க முடியுமா என்று அனுப்புபவரிடம் கேளுங்கள். முடியாது என்றால், வந்த கோப்பைத் திறந்து, ‘பிரிண்ட்’ போய், ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்தால் பெரும்பாலும் பூட்டில்லாத நகல் கிடைக்கும். அதை 7-ஜிப் போன்ற மென்பொருளில் சொந்தக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு, மின்னஞ்சலில் உள்ளதை நீக்கிவிடலாம். மின்னஞ்சல் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

இரண்டாவது, தொலைபேசி. அழைப்பவர் உங்கள் முழுப்பெயரையும் ஐசி எண்ணையும் தடுமாறாமல் சொன்னால் அவர் வங்கியிலிருந்துதான் பேசுகிறார் என்று ஆகிவிடாது. எண்ணை வாங்கிவைத்த எவரும் சொல்லலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மோசடியோ என்று சந்தேகம் கேட்க 1799 என்ற உதவி எண் இருக்கிறது.

கொடுத்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. மருந்தகத்தில் சிகிச்சை, ஹோட்டலில் அறை, கைப்பேசி இணைப்பு, புதிய வேலை, தனியார் கல்வி நிலையச் சேர்க்கை: இங்கெல்லாம் வாதாடுவது நேர விரயம். அதிர்ஷ்டக் குலுக்கல், கடை உறுப்பினர் அட்டை, கார் நிறுத்தக் கட்டணச் சலுகை, சைக்கிள் வாடகை ஆகியவற்றுக்குத் தேவையே இல்லை. கொண்டோ காவலர் அட்டையைப் பார்க்கலாம். நீங்கள் திரும்பி வரும்வரை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ‘எந்தச் சட்டப்படி வேண்டும்? கைப்பேசி எண் போதுமா?’ என்று கேட்டாலே பாதி இடங்களில் போதும் என்பார்கள்.

ஐசியின் படத்தை அனுப்ப நேர்ந்தால் (வீட்டு வாடகை முகவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்காமல் விடமாட்டார்கள்), எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். அந்த எழுத்து முகத்தையும் எண்ணையும் தொட்டுக் குறுக்காக ஓட வேண்டும். எதையாவது மறைக்க வேண்டுமென்றால் கைப்பேசியின் ஹைலைட்டர் தூரிகையைத் தொடாதீர்கள். அது ஒளி ஊடுருவும் மை. நான்கு முறை பூசினால் கறுப்பாகத் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எட்டிப் பார்க்கும். நிரப்பிய கறுப்புச் செவ்வகத்தைப் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் வரைந்தாலும் அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் ‘ஒருமுறை மட்டும் பார்’ வசதி ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு கைப்பேசியைத் தடுக்காது. ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதற்குச் சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் நீக்கினாலும், பெறுபவரின் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டு கூகல் ஃபோட்டோஸுக்கும் ஏறியிருந்தால் அந்த நகல்கள் நின்றுவிடலாம்.

வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களின் ஃபின் எண்ணுக்கும் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) இதே வழிகாட்டி பொருந்தும். அவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது சிம் அட்டை வாங்கும் இடம். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம் வரை பதியலாம். நீங்கள் ஒன்று வாங்கினால், மிச்ச இரண்டை உங்கள் பெயரிலேயே பதிந்து வேறு யாருக்கோ விற்க ஒரு கடைக்காரருக்கு வழி இருக்கிறது. அந்த எண்ணிலிருந்து மோசடி நடந்தால் காவல்துறை முதலில் தேடி வருவது உங்களை. ‘ஸ்கேன் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை’ என்றால் முதல் பதிவு என்னவாயிற்று என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு: வருகைப் பதிவுக்குப் பெயரும் கைப்பேசியின் கடைசி நான்கும் தாராளம். குலுக்கலுக்கு நுழைவுச்சீட்டு எண் போதும். பரிசு வாங்க வருபவரின் அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குழந்தைகள் முகாமுக்கு வயது தேவைப்பட்டால் பிறந்த ஆண்டைக் கேளுங்கள், தேதி எதற்கு? பதில்கள் சேரும் கூகல் ஷீட்டை ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று திறந்துவிடாமல் தேவையான தொண்டூழியர்களின் மின்னஞ்சல்களுக்கு மட்டும் கொடுங்கள். அதை எக்செல்லாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆர்வலர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்து, பதிவிறக்க அனுமதியை அணைத்துவிடலாம். நிகழ்ச்சி முடிந்தபின் கோப்பை நீக்கினாலும் டிரைவ் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் கிடக்கும்.

ஒரு நிறுவனம் உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று அறிய, அதன் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும் என்பது சட்டம். என்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று கேட்கலாம். 30 நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால், எப்போது கொடுப்பார்கள் என்பதையாவது அதற்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சரியான பதில் வராவிட்டால் ஆணையத்தின் இணையத்தளத்தில் புகார் செய்யலாம். எழுதிய மின்னஞ்சல், படிவத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதிகள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அரசாங்க அமைப்புகள் இந்தச் சட்டத்துக்குள் வராது, அவற்றுக்குத் தனி விதிகள். உங்கள் ஐசி படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்ட சித்தப்பாவும் வரமாட்டார். அவரிடம் நேரில்தான் பேச வேண்டும்.